விருந்து மேசையும் வார்ப்பிரும்பு அடுப்பும்

விருந்தோம்பலைப் பண்பெனப் போற்றாத சமுதாயம் இல்லை. விருந்தளிப்போரின் பெருந்தன்மை பேசப்படும். உணவின் சுவை பேசப்படும். வந்தோரின் சிறப்பும் பேசப்படும். ஆயின் அடுப்பின் முன் நின்றவர் யார், எத்தனை மணித்தியாலம் நின்றார், அவர் எப்போது உண்டார் என்னும் வினாக்கள் மட்டும் எழுப்பப்படுவதில்லை. எழுப்புவோர் உண்ட வீட்டுக்கு நன்றி கெட்டோராகக் கருதப்படுவர்.

இங்கிலாந்தின் வசதி படைத்த வீடுகளில் வார்ப்பிரும்பு அடுப்பொன்று குடும்பப் பெருமையின் சின்னமாக விளங்குகின்றது. ‘ஆகா’ என்பது அதன் பெயர். அதனைப் புகழ்வோர் கூறுவது இதுதான்: இவ்வடுப்பு இருப்பின் வேலைக்காரர் வேண்டியதில்லை, இல்லத்தரசி ஒருத்தியே பத்துப்பேருக்கு ஐந்து வகை உணவை வரிசையாகப் படைத்துவிட்டு, விருந்தினரோடு தானும் அமர்ந்து உரையாடலாம், இயந்திரம் பெண்ணை விடுவித்துவிட்டது. கேட்பதற்கு இனிய இக்கூற்று வரலாற்றோடும் பொருந்தாது. அடுப்பின் இயல்போடும் பொருந்தாது.

முதலில் விருந்தின் வடிவத்தை நோக்குதல் வேண்டும். சூப்பு, மீன், இறைச்சி, இனிப்பு, பாற்கட்டி என ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை ஆதிதொட்டு வந்ததன்று. முன்னர் ஐரோப்பியச் செல்வர் பல பண்டங்களையும் ஒருங்கே மேசைமீது பரப்பி உண்டனர். ஒவ்வொன்றாகக் கொணர்ந்து பரிமாறும் ‘ருஷ்ய முறை’ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்தில் நிலைபெற்றது. இம்மாற்றம் வெறும் நாகரிக மாற்றமன்று. ஒவ்வொரு வகையும் சூடு ஆறாமல் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கோப்பைகள் மாற்றப்பட வேண்டும். பத்துப்பேருக்கு ஐந்து வகை எனின் ஐம்பது கோப்பைகள் மேசைக்கு வந்து மீள வேண்டும். மேசையின் பின்னே ஏவலரும் குசினியிலே சமையற்காரரும் இருப்பர் என்னும் எடுகோளின் மீதே இவ்வடிவம் கட்டியெழுப்பப்பட்டது. 1861இல் நூலாக வெளிவந்த இசபெல்லா பீற்றனின் இல்லப் பராமரிப்பு நூல் பதினெட்டுப் பேருக்கான விருந்துப் பட்டியல்களை மாதவாரியாக வகுத்துத் தந்தது. அதே நூல் வீட்டின் எல்லா வேலைகளையும் தனியொருத்தியாகச் செய்யும் பணிப்பெண்ணின் நாளையும் வகுத்தது. அவளது காலைப்பொழுது அடுப்பைத் துப்புரவு செய்து தீ மூட்டுவதில் தொடங்குகின்றது. விருந்துப் பட்டியலும் பணிப்பெண்ணின் வேலைப் பட்டியலும் ஒரே நூலின் இரு பக்கங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுப்பின் வரலாறும் இதனையே கூறுகின்றது. ஆபிரகாம் டார்பி என்பார் 1707இல் இரும்புப் பானைகளை மணலச்சில் வார்க்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1709இல் கோல்புறூக்டேல் என்னுமிடத்திலே கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் றம்போர்ட் பிரபு, திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாவதை எடுத்துக்காட்டினார். தீயை இரும்புப் பெட்டிக்குள் அடைத்த அடுப்புகள் அடுத்த நூற்றாண்டில் பரவின. எரிபொருள் மீந்தது உண்மையே. ஆனால் சாம்பலை அள்ளுவதும், புகைவழியைத் துடைப்பதும், துருப்பிடியாதவாறு இரும்பெங்கும் காரீயம் பூசித் தேய்ப்பதும் விடியுமுன் எழும் பெண்ணுக்கே உரியனவாயின. அக்காரீயத்தை உலகச் சந்தைக்குப் பெருமளவில் அனுப்பிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஹனா கல்விக் என்னும் பணிப்பெண் எழுதிய நாட்குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அடுப்பும் கரியும் அழுக்குமாகக் கழிந்த நாட்களை அவை பதிவு செய்துள்ளன. விருந்துண்டோர் எழுதிய நினைவுக்குறிப்புகள் ஏராளம். அடுப்பைத் தேய்த்தோர் எழுதியவை மிகச் சில.

‘ஆகா’ அடுப்பு இச்சூழலிலேதான் தோன்றியது. அதனை அமைத்தவர் குஸ்தாவ் டாலேன் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர். கலங்கரை விளக்குகளுக்கான தானியங்கி வாயுச் சீராக்கிகளைக் கண்டமைக்காக 1912இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அதே ஆண்டில் வெடிவிபத்தொன்றிற் கண்பார்வையை இழந்தார். வீட்டிலே தங்கியிருந்த காலத்தில் தம் மனைவி அடுப்போடு படும் பாட்டை உணர்ந்தமையே 1922இல் இவ்வடுப்பு உருவாகக் காரணமாயிற்று என்பர். கண்ணிழந்த ஒருவர் உணர்ந்த உழைப்பைக் கண்ணுள்ள விருந்தினர் காணவில்லை. டாலேனின் நோக்கம் மனிதாபிமானமானது, அதில் ஐயமில்லை. இடைவிடாது எரியும் சிறு தீயின் வெப்பத்தைக் கனத்த இரும்பிலே சேமித்து வைத்து, வேண்டியபோது வழங்குதல் சிறந்த பொறியியற் சிந்தனையே. நாள்தோறும் தீ மூட்டும் வேலையை அது நீக்கியது. மறுக்கப்படுவது இயந்திரமன்று, இயந்திரத்தின் பெயராற் பேசப்படும் பொய்யே.

1929இல் இவ்வடுப்பு பிரித்தானியச் சந்தைக்கு வந்தபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கு வீட்டு வேலையில் இருந்தனர். பின்னர் விளம்பரத்துறையிற் பெரும்புகழ் பெற்ற டேவிட் ஒகில்வி, இதனை வீடு வீடாக விற்றவர். 1935இல் விற்பனையாளருக்கென ஒரு கைந்நூலும் எழுதினார். இரண்டாம் உலகப் போரின் பின் வேலைக்காரர் தொகை பெரிதும் குறைந்தது. விருந்தின் வடிவமோ குறையவில்லை. முன்னர் பலர் பகிர்ந்து சுமந்ததை ஒருத்தி சுமக்கலானாள். அச்சுமைக்கு ‘விருந்தளிக்கும் கலை’ என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது.

இனி அடுப்பின் இயல்பைப் பார்ப்போம் எனின், அதுவும் புகழ்வோர்க்குச் சான்று பகராது. பழைய ‘ஆகா’ அடுப்பில் ஒவ்வோர் அறையின் வெப்பத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் திருகு இல்லை. ஓர் அறை வாட்டுவதற்கு, மற்றொன்று மெல்ல வேகவைப்பதற்கு என வெப்பநிலைகள் வகுக்கப்பட்டிருக்கும். மேற்தட்டுகளின் மூடியைத் திறந்து வைத்தால் சேமித்த வெப்பம் வெளியேறும். திறந்திருக்கும் நேரம் நீள, உள்ளறைகளும் ஆறும். ஆகவே மேற்தட்டை இயன்றவரை தவிர்த்து, சமையலின் பெரும்பகுதியை உள்ளறைகளிலே முடித்தல் வேண்டும். பத்துப்பேருக்கான விருந்தெனின், இறைச்சியை எப்போது வைப்பது, எப்போது கீழறைக்கு மாற்றுவது, மரக்கறியை முன்கூட்டியே எவ்வளவு அவிப்பது, இனிப்புக்கு வேண்டிய வெப்பம் எஞ்சுமா என்றெல்லாம் முதல்நாளே கணக்கிட வேண்டும். விருந்து வேளையிலே இல்லத்தரசி அமைதியாக அமர்ந்திருப்பது உண்மையாகலாம். ஆனால் அவ்வமைதி முதல்நாள் இரவும் அன்று காலையும் செலவிட்ட உழைப்பின் விளைவே. அடுப்பு வெப்பத்தைச் சேமிப்பது போல, விருந்து உழைப்பைச் சேமித்து மறைக்கின்றது. உழைப்பு அழியவில்லை, விருந்தினர் வருமுன் செய்து முடிக்கப்பட்டமையால் அவர் கண்ணிற் படவில்லை.

ரூத் சுவாற்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட ‘தாய்க்கு மேலும் வேலை’ என்னும் பொருள்படும் நூல் இவ்விடத்து நினைக்கற்பாலது. அமெரிக்க வீடுகளில் இரும்பு அடுப்பு புகுந்தபோது விறகின் தேவை குறைந்தது. விறகு பிளந்த ஆணின் வேலையும் குறைந்தது. ஒரே பானையில் வெந்த உணவுக்குப் பதிலாகப் பல பண்டங்களை ஒரே வேளையிற் சமைக்க இயன்றதால், பெண்ணின் வேலையோ கூடியது. சாதனத்தின் ஆற்றல் வளர, எதிர்பார்ப்பும் வளர்ந்தது. ஐந்து வகை விருந்து இவ்விதியின் உச்சமேயன்றி வேறன்று.

“அவள் விரும்பியே செய்கிறாள், அது அவளது கலை” என வாதிடுவோர் உளர். விருப்பம் இருக்கலாம். ஆயின் கணவன் வைன் ஊற்றுவதும் இறைச்சியை அரிவதும் விருந்தினர் முன்னிலையில் நிகழ, மனைவி செய்த அனைத்தும் கதவின் பின்னே நிகழ்வது ஏன்? கலையெனின் கலைஞரின் கைக்கு ஓய்வு வேண்டாமா? ஐம்பது கோப்பைகளைக் கழுவுவதும் கலைதானா? கலை என்னும் சொல் இங்கே கூலிக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் காசாகிவிடுகின்றது.

இவ்விருந்துமுறை இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. குடியேற்ற ஆட்சியோடு கடல் கடந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து விரிந்த மலையகத் தோட்டங்களின் பங்களாக்களிலும் வார்ப்பிரும்பாலான ‘டோவர்’ அடுப்பு இடம்பெற்றது. துரையின் மேசைக்கு வரிசை வரிசையாக உணவு வந்தது. பின்கட்டிலே அப்புவும் குசினிப் பையனும் விறகு தள்ளிப் புகையில் நின்றனர். அதே மலையின் சரிவிலே, கொழுந்து பறித்து மீண்ட பெண் லயன் அறையின் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இரு தீயும் ஒரே காட்டின் விறகிலேயே எரிந்தன. ஒன்றன் முன் நின்றவர் பிறர் பசிக்காகவும், மற்றதன் முன் நின்றவள் நாள் முழுதும் பிறர் இலாபத்துக்காக உழைத்த பின்னரும் நின்றனர்.

காலம் மாறியுள்ளது. 2011இல் தட்டுகளையும் அறைகளையும் தனித்தனியே இயக்கத்தக்க மின் ‘ஆகா’ வெளிவந்தது. அவ்வடுப்புகளுக்கு இரும்பு வார்த்த கோல்புறூக்டேல் வார்ப்பாலை 2017இல் மூடப்பட்டது. அடுப்பு மாறுகின்றது, வார்ப்பாலைத் தொழிலாளர் வேலையிழக்கின்றனர், அடுப்பின் முன் நிற்பவர் மட்டும் மாறவில்லை.

இதனால் விருந்தே வேண்டாம் என்பது பொருளன்று. கூடியுண்ணல் மனிதரின் மிகப் பழைய இன்பங்களுள் ஒன்று. ஆனால் கூடியுண்போர் கூடிச் சமைப்பதும் கூடிக் கழுவுவதும் ஏன் இயலாதன? வகைகள் ஐந்திலிருந்து இரண்டாகக் குறையின் எவருடைய மானம் கெடும்? சமையலறைக் கதவைத் திறந்துவைக்க அஞ்சும் விருந்து, தன் பெருந்தன்மை யாருடைய உழைப்பாலானது என்பதை அறிந்தே அஞ்சுகின்றது. எத்துணை நுண்ணிய அடுப்பாயினும் வெப்பத்தையே பங்கிட வல்லது. உழைப்பைப் பங்கிட வேண்டியோர் மனிதரே. அப்பங்கீடு நிகழும்வரை, விருந்து முடிந்து அனைவரும் எழுந்த பின்னர், ஆறிய உணவோடு தனியே அமரும் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்துகொண்டேயிருப்பார்.