பெயர் உங்களுது, சிம் திருடனுக்கு! தொழிலாளர்களே உஷார்

செவ்வாப்பேட்டை,
செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரெயிலேறி காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளி, யார் கேட்டாலும் ஆதார் ஜெராக்சை நீட்டி விடுகிறார். கையில் பணம் இல்லாதவனிடம் எதைத் திருடப் போகிறார்கள் என்ற நினைப்பு!

அவர்களுக்கு வேண்டியது பெயர்தான்.

"ரேகை சரியா விழலே, இன்னொரு தடவை வை" என்பான் சிம் விற்கும் எத்தன். இரண்டாவது தடவை வைத்த ரேகையில் இன்னொரு சிம் தயார்! இன்னொருவன் கமிஷன் ஆசை காட்டி பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கிக் கொள்வான்.

2024 ஆகஸ்டில் லூதியானா ஜவுளி அதிபர் ஓஸ்வாலிடம் போலி சி.பி.ஐ. ஆசாமிகள், போலி சுப்ரீம் கோர்ட்டே நடத்தி ரூ.7 கோடி சுருட்டினார்கள். ரூ.5¼ கோடி மீட்கப்பட்டது.

இப்படிச் சுருட்டும் பணம் திருடனின் சொந்தக் கணக்கிலா விழும்? இரவல் கணக்கில்தான் விழும். போலீஸ் முதலில் தட்டுவது கணக்குக்காரர் கதவை. எத்தனோ கம்போடியாவில் ஹாயாக இருப்பான்!

ஒருவர் பெயரில் 9 சிம் வரைதான் இருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி'யில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால், "இது என்னுது இல்லே" என்று அதிலேயே புகார் செய்யலாம். ஆதார் நகலில் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாதிரியும் எடுக்க முடியும்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு போன் போடுங்க. பணம் கைமாறும் முன் முடக்கினால்தான் உண்டு.