நிபுணர்கள் யார் பக்கம்?

மக்கள் நிபுணர்களை நம்ப மறுக்கிறார்கள், கற்றவர் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது என்ற புலம்பல் நாளேடுகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஓயாமல் ஒலிக்கிறது. மக்களின் அறியாமையும் கைபேசி வதந்திகளுமே காரணம் என்று தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. வதந்தியின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், 2020இல் மருத்துவர்களுக்குக் கதவைத் திறந்த அதே தாராவியில்தான் 2024இல் கணக்கெடுப்பாளர்கள் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். நான்கே ஆண்டுகளில் மக்கள் அறிவிழந்து போனார்களா?

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் இடத்தில் 'விலகி இரு' என்ற அறிவுரைக்குப் பொருளே இல்லை. எனினும், அப்பகுதியில் நெடுங்காலமாக மருத்துவம் பார்த்துவந்த தனியார் மருத்துவர்களும் மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளர்களும் சந்து சந்தாகச் சென்று காய்ச்சல் பரிசோதனை செய்தனர். பள்ளிகளும் மண்டபங்களும் உணவோடு கூடிய தனிமை முகாம்களாயின. ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். அறிவுரையோடு சோறும் மருந்தும் வந்தன. சொன்னவர்களில் பலர் தெரிந்த முகங்கள். எனவே மக்கள் நம்பினார்கள்.

அதே ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் வார்டுகளில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், நித்தி ஆயோக், மாநகராட்சி ஆகியவை இணைந்து இரத்தப் பரிசோதனை ஆய்வு நடத்தின. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினர், பிற குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தது வெளிப்பட்டது. பொதுக் கழிப்பறை போன்ற பகிர்வு வசதிகள் இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் சுட்டினர். நோய்க்கும் வர்க்கம் உண்டு என்பதை அறிவியலே எண்களில் சொன்ன தருணம் அது.

2024 மார்ச்சில் வந்தவர்கள் வேறு நோக்கத்தோடு வந்தார்கள். அதானி குழுமத்திற்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்குள்ள நிறுவனத்தின் மறுசீரமைப்புத் திட்டத்திற்காகக் கதவுகளில் எண் எழுதப்பட்டது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வதாக நிறுவினால் தாராவியிலேயே இலவச வீடு. பிறருக்குத் தாராவிக்கு வெளியே என்று விதி. அப்படி வெளியேற்றப்படுவோருக்காக ஒதுக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று, 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்படும் தேவநார். இந்த நிலையில், "யாருக்காக எண்ணுகிறீர்கள்?" என்று வாசலில் நின்று கேட்பது அறியாமை அல்ல, தோல் பதனிட்டும் மண் பானை வனைந்தும் அந்தச் சதுப்பு நிலத்தை நகரமாக்கியவர்களின் பட்டறிவு.

இந்நகரத்தில் இது புதிதுமல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கிலேய அரசு வீடு புகுந்து சோதித்தது. நோயுற்றோரை வலுவில் பிரித்துச் சென்றது. ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்குமளவுக்கு வெறுப்பு முற்றியது. அந்த நாட்களில்தான் ஹாஃப்கின் இதே நகரில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தம் உடலிலேயே போட்டுக்கொண்டார். தன்னையே முதலில் சோதனைக்கு ஆட்படுத்திய அறிவியலும் பூட்ஸ் காலோடு வீடு புகுந்த அதிகாரமும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்படவில்லை.

நியாயமான இந்த ஐயம் கேட்பாரற்றுக் கிடந்தால் பிற்போக்குச் சக்திகள் அதை அறுவடை செய்துகொள்ளும். 2014இல் மும்பை மருத்துவமனை விழாவில் பிள்ளையாரின் தலையை ஒட்டறுவைச் சிகிச்சைக்குச் சான்றாகக் காட்டிப் பேசினார் பிரதமர். 2015 ஜனவரியில் மும்பைப் பல்கலைக்கழகத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் வேதகால விமானம் பற்றிக் கட்டுரை வாசிக்கப்பட்டது. 2021இல் பதஞ்சலியின் கொரோனா 'மருந்து' விழா மேடையில் ஒன்றிய சுகாதார அமைச்சரே அமர்ந்திருந்தார். மறுபுறம், தேவநாரிலுள்ள சர்வதேச மக்கள்தொகை ஆய்வியல் நிறுவனத்தின் இயக்குநர் 2023இல் இடைநீக்கம் செய்யப்பட்டார். பணி நியமன முறைகேடு என்பது அரசு சொன்ன காரணம். ஆனால் அவருடைய நிறுவனம் நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வுதான், திறந்தவெளி மலங்கழிப்பு ஒழிந்துவிட்டது என்ற முழக்கத்திற்கு மாறாக 19 விழுக்காடு வீட்டார் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்று காட்டியிருந்தது. மூடநம்பிக்கையை எதிர்த்த நரேந்திர தபோல்கரும் தோழர் கோவிந்த் பன்சாரேயும் குண்டுகளுக்கு இரையானதும் இம்மாநிலத்தில்தான்.

இங்கே நம்மையும் நாம் விசாரித்துக்கொள்ள வேண்டும். "ஆய்வறிக்கையெல்லாம் பணக்காரன் எழுதிக்கொள்வது" என்று நம் கிளைக் கூட்டங்களிலும் சில தோழர்கள் சொல்லக் கேட்கிறோம். அவர்களுக்கு மாகுலை நினைவூட்டுவோம். தான்சா குழாய்த்தடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களைச் செம்பூரின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே மாகுலில் கொண்டுபோய் அடைத்தார்கள். காற்று மாசால் அங்குள்ளோர் உடல்நலத்திற்குக் கண்கூடான ஆபத்து உண்டு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே கூறியிருந்தது. அதற்கு முன்பே அங்குள்ளோரின் மூச்சுத்திணறலைப் பதிவு செய்தவர்கள் கே.ஈ.எம். மருத்துவமனையினர். அந்த மக்கள் தெருவில் அமர்ந்து போராடினார்கள். நீதிமன்றத்தில் அந்த ஆய்வுகளைக் கையில் ஏந்தினார்கள். 2019இல் மும்பை உயர் நீதிமன்றம், மாற்றிடம் தராவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை தருமாறு ஆணையிட்டது. அறிக்கையை மதிக்காதவர்கள் மக்கள் அல்லர்; ஆட்சியாளர்களே. எல்லா ஆய்வும் பொய் என்று நாம் சொல்லியிருந்தால், மாகுல் மக்களின் கையிலிருந்த ஆயுதத்தை நாமே பறித்திருப்போம்.

எனவே, நம் பணி இரண்டு முனைகளைக் கொண்டது. தாராவிக் கணக்கெடுப்பின் முறை, பட்டியல், தகுதி விதிகள் அனைத்தும் தமிழ், மராத்தி, இந்தி, உருது மொழிகளில் மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். மேல்மாடியில் குடியிருப்போர் உட்பட எவரும் விடுபடாத கணக்கு வேண்டும் என்று போராடுவோம். அதே மூச்சில், தடுப்பூசி, ஊட்டச்சத்து, காற்று மாசு குறித்த நேர்மையான ஆய்வுகளை ஒவ்வொரு கிளையும் வாசித்து, எளிய தமிழில் மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும். மக்கள் பக்கம் நிற்கும் மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் நம் பகுதிகளுக்கு அழைத்துவர வேண்டும். அவர்களிடம் மக்கள் கேள்வி கேட்கட்டும். அவர்கள் விடை சொல்லட்டும். கேள்விக்கு அஞ்சாத அறிவுக்குத் தாராவியின் கதவுகள் என்றும் சாத்தப்பட்டதில்லை.