கன்னத்தில் ஏறிய சிவப்பு

ஓடைப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வயது முப்பத்தெட்டு; திராட்சைத் தோட்டத்தில் வேலை. இரண்டு வருஷமாகக் கன்னமும் மூக்கும் சிவந்து, வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிகிறதாம். சிறு சிறு பருக்களும் உண்டு. மருந்துக் கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் போட்டார். நாலே நாளில் முகம் தெளிந்துவிட்டது! நிறுத்தினாலோ முன்னைவிட மோசம். "மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஒட்டுவாரொட்டி என்று நினைத்து விடுவார்களோ?" என்று கேட்கிறார்.

இந்தக் கவலை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. ஆகையால் எல்லோருக்குமாகவே பதில் சொல்கிறேன்.

இப்படிச் சிவக்கும் நோய்களில் ஒன்றுக்கு ரோசேசியா என்று பெயர். முகத்தின் மெல்லிய இரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து, நாளடைவில் சுருங்க மறந்துவிடுகின்றன. இது தொற்று நோயல்ல. வெள்ளைக்காரர்களின் வியாதி என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது, அவ்வளவுதான். எரிச்சல், சூடு, கரும்புள்ளி இல்லாத பருக்கள், கண் உறுத்தல் இவைதான் அடையாளம்.

ஆனால் சகோதரியின் கடிதத்தில் எனக்குத் திகில் ஊட்டியது நோயல்ல, அந்தக் களிம்புதான். நாலு நாளில் அற்புதம் செய்து, விட்டால் பழி வாங்கும் களிம்பு பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்ததாகவே இருக்கும். பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று குழாயின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மாதக் கணக்கில் முகத்தில் தேய்த்தால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் கோலமிட்டது போல் தெரியும், ரோசேசியா இல்லாதவர்களுக்கும் அதே சிவப்பு வந்து சேரும்!

2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நம் நாட்டில் முகத்தோல் வியாதிக்காக வந்த 2,926 பேரைச் சோதித்தார்கள். 433 பேர் இத்தகைய களிம்பைப் பூசி வந்தார்கள். அவர்களில் 126 பேர் அதை நிறம் தரும் கிரீமாகவோ சவரத்துக்குப் பின் தடவும் பூச்சாகவோ உபயோகித்தார்கள்! 2018-இல் மத்திய அரசு இவற்றில் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் நின்றபாடில்லை.

சரி, வழி என்ன? களிம்பை நிறுத்த வேண்டும். ஆனால் டாக்டர் சொல்கிறபடி. நிறுத்தியதும் சில வாரங்கள் முகம் இன்னும் எரியும். பயந்துபோய் மறுபடி குழாயைத் திறக்காதீர்கள். அங்கேதான் பலர் தோற்றுப் போகிறார்கள்.

ரோசேசியாதான் என்று உறுதியானால் மருந்துகள் உண்டு. மெட்ரோனிடசால், அசிலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகியவை பருக்களுக்குப் பூசுபவை. அதிகமானால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. புடைத்த இரத்தக் குழாய்களுக்கு லேசர் சிகிச்சை. எதுவும் நாலு நாளில் பலிக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அடியோடு போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அடக்கி வைத்திருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. எலுமிச்சை, கடலைமாவு, ஆவி பிடித்தல் வேண்டாம். தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். காபியை ஆற்றிக் குடியுங்கள். எந்தக் குழம்பு சாப்பிட்டால் முகம் காந்துகிறது என்று குறித்து வையுங்கள். வெயிலில் முந்தானையோ குடையோ அவசியம். 30 எண்ணுள்ள வெயில் காப்புக் கிரீம் கிடைத்தால் நல்லது. பந்தலுக்கு மருந்து அடிக்கும் நாளில் பக்கத்தில் நிற்காதீர்கள். அது பட்டாலும் தோல் சிவக்கும்.

சிவப்பெல்லாம் ரோசேசியா ஆகிவிடாது. மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண்ணோடு கன்னம் சிவந்தால் லூபஸ் என்ற நோயாக இருக்கலாம். சிவந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோய்ச் சோதனை செய்ய வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து தந்து முற்றிலும் குணப்படுத்துகிறார்கள். இவ்விரண்டிலும் ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள்.

ஆகவே சகோதரி, பெண் பார்க்க வருகிறவர்களுக்காக இன்னொரு முறை அந்தக் களிம்பைப் பூசிக்கொள்ள வேண்டாம். கேட்டால், "தோல் வியாதி, ஒட்டாது, மருந்து சாப்பிடுகிறேன்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். தேனியை அடுத்த க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். போகும்போது, இதுவரை பூசிய குழாய்கள் அத்தனையையும், காலியானதாயிருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.