தோற்ற பாத்தியையும் எழுதுங்க

போன வருஷ சம்பாவில் அரை ஏக்கரைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்தேன். பஞ்சகவ்யா, மீன் அமிலம், தேமோர்க் கரைசல் என்று அளவையும் தெளிக்கிற நாளையும் மாற்றி 20 விதம். விதத்துக்கு மூன்று பாத்தி. அறுவடையில் ஒரே ஒரு விதம், எதுவும் தெளிக்காத பாத்திகளைவிட நன்றாகவே கூடுதல் தந்தது. சந்தோஷத்தில் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருத்தர் அதை நம்பி இந்த வருஷம் மூன்று ஏக்கருக்கும் அதையே தெளித்தார். ஒரு மூட்டைகூடக் கூடவில்லை. “சார், நீங்க சொன்னீங்கன்னுதானே செஞ்சேன்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கரைசலைக் குறை சொல்லவில்லை. தப்பு என் கணக்கில்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் வேலை பார்த்த ஃபிஷர், 1925-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வசதியான எல்லைக்கோடு போட்டார். ஒரு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு 20-ல் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்றால் அதைப் பொருட்படுத்தலாம். ஒரு சோதனைக்கு அது சரி. நான் செய்ததோ 20. இருபதுமே உதவாத சரக்கு என்றாலும், சராசரியாக ஒன்று கோட்டைத் தாண்டும். ஒன்றாவது தாண்டுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம்!

1995-ல் பெஞ்சமினி, ஹோக்பெர்க் என்ற இஸ்ரேல் அறிஞர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள்: ஜெயித்தது என்று நாம் சொன்னவற்றில் போலி எத்தனை? 20-ல் ஐந்து தாண்டினால், ஒன்று போலியாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு மற்றதை நம்பலாம். ஒன்றே ஒன்று தாண்டினால்? அதுவே அந்தப் போலியாக இருக்கலாம்.

‘ஏக்கருக்கு இத்தனை முதல் இத்தனை மூட்டை கூடும், 95 சதவீத நம்பிக்கை’ என்கிற வரம்பும் இப்படித்தான் ஏமாற்றும். முதலிடம் வந்த பாத்தி திறமையோடு அதிர்ஷ்டத்தையும் சேர்த்துத்தான் வந்திருக்கும். வாய்க்கால் ஓரம், மண்வாகு எதுவாகவும் இருக்கலாம். பொறுக்கி எடுத்த பிறகு அந்த 95 செல்லாது. 20-ல் ஒன்றை மட்டும் எடுத்தால் 99.75 சதவீத வரம்பு போட வேண்டும் என்பது பெஞ்சமினி பின்னால் சொன்ன வழி. அவ்வளவு அகலமாகப் போட்டால், பல ‘வெற்றி’கள் பூஜ்யத்தைத் தொட்டுவிடும்.

ஜெயித்த வயலை மட்டும் விளம்பரத்தில் காட்டுகிறான் என்று உரக் கம்பெனிக்காரனைத் திட்டுகிறோம். நாமும் அதையே செய்யலாமா? பேங்கில் ஆடிட்டர் வந்தால், ஒழுங்காகக் கட்டின கடனை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. வாராக் கடன் பட்டியலைக் கொண்டா என்பார்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். எத்தனை விதம் போட்டுப் பார்த்தோம், எத்தனை தோற்றது என்பதையும் நம்ம வெற்றிக் கதைகளில் எழுதுவோம். ஜெயித்ததை அடுத்த பட்டத்தில் தனியாக, சீட்டுக் குலுக்கித் தேர்ந்த பாத்திகளில், தெளிக்காத பாத்திகளோடு சேர்த்து மறுபடி பார்ப்போம். அது வரைக்கும் யாரையும் முழு நிலத்தில் இறங்கச் சொல்ல வேண்டாம்.

இயற்கை விவசாயம் உண்மையில் நிற்கும். அதுக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை.