அறிந்தும் அறியாதவை: கச்சான் காற்றின் கைவண்ணம்

நாள்தோறும் காலையில் நாம் அருந்தும் தேநீரில் காற்றுக்கும் ஒரு பங்குண்டு என்று கூறினால் நேயர்கள் நகைக்கக்கூடும். நீருக்குப் பங்குண்டு; நெருப்புக்குப் பங்குண்டு; பாலுக்கும் சர்க்கரைக்கும் பங்குண்டு. காற்றுக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். ஊவா மலைகளிலே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இதனை எண்ணிப் பார்ப்பது அரிது. ஆடி மாதம் பிறந்துவிட்டால், "கதவைச் சாத்து, கூரைத் தகரத்தின் மேல் கல்லை ஏற்று" என்பதே லயங்களில் பேச்சாக இருக்கும். காற்றைத் திட்டுவதற்கு நேரம் உண்டு; அதன் திறமையை வியப்பதற்கு நேரமேது?

அந்தக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று பெயரிட்ட தமிழர், மேற்கும் தென்மேற்கும் பார்த்த திசையிலிருந்து வருவதைக் கச்சான் என்றனர். இலங்கையிலே வேர்க்கடலைக்கும் கச்சான் என்ற பெயர் வழங்குவதை யாவரும் அறிவோம். எனினும் இன்று நாம் பேசப்போவது கொறிக்கும் கச்சானைப் பற்றியன்று. மலையைக் காயவைத்து, அதே வேளையில் தேயிலைக்கு மணமூட்டும் கச்சானைப் பற்றியே.

சுரங்கத்தின் இரு புறங்கள்

ஆடி, ஆவணி மாதங்களில் கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். வட்டவளையை நெருங்கும்போதே மழை சாளரத்தைத் தட்டும். ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் பிரதேசம் அது. அட்டனிலும் குடை, தலவாக்கலையிலும் குடை, நானுஓயாவில் மூடுபனி. பின்னர் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு பட்டிப்பொல நிலையத்தை அடைகிறது. 1,890 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள இந்நிலையமே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம்.

அதற்கு அப்பால் ஒரு சுரங்கம். வண்டி இருளுக்குள் நுழைகிறது, பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள், சிறிது நேரத்தில் வெளிச்சம் வருகிறது. பல நாட்களில் அவ்வெளிச்சம் வெறும் வெளிச்சமாக இராது. பளிச்சென்ற வெயிலாக இருக்கும். பட்டிப்பொலையில் குடை பிடித்தவர் ஓகியாவில் கண்களைச் சுருக்குவார். அப்புத்தளைக்கு வந்துசேரும்போது வானம் நீலமாகவும், காற்று மட்டும் ஓயாத இரைச்சலாகவும் இருக்கும். சற்றுமுன் நம்மை நனைத்த காற்றும், இப்போது உதட்டை வெடிக்கச் செய்யும் காற்றும் வெவ்வேறு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றே!

இந்தப் பாதையும் எளிதில் அமைந்ததன்று. 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய தண்டவாளம் 1893 இல் அப்புத்தளைக்கு வந்தது. பதுளையை அடைந்தது 1924 இல்தான். நமக்குச் சில மணி நேரப் பயணமாக உள்ள அத்தூரத்தைத் தண்டவாளம் கடக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன.

ஐந்தைக் கொடுத்துப் பத்தைப் பெறும் வித்தை

ஒரே காற்று ஒரு பக்கத்தில் மழையாகவும் மறுபக்கத்தில் வறட்சியாகவும் மாறுவது எவ்வாறு? மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. நடுமலைநாடு அதற்குக் குறுக்கே மதில்போல் நிற்கிறது. வழியின்றி மேலே ஏறும் காற்று, ஏற ஏறக் குளிர்ந்து, தன் ஈரத்தை மழையாக இறக்கிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டும்போது அதனிடம் மிச்சமிருக்கும் ஈரம் சொற்பமே.

இனித்தான் வியப்பு. ஈரம் நிறைந்து மேகமாகிய காற்று 1,000 மீற்றர் ஏறும்போது ஏறக்குறைய 5 அல்லது 6 பாகை செல்சியஸ் குளிர்கிறது. உலர்ந்துபோன காற்று அதே 1,000 மீற்றர் இறங்கும்போது ஏறக்குறைய 10 பாகை சூடேறுகிறது. ஏறும்போது ஐந்தைச் செலவிட்டு, இறங்கும்போது பத்தைப் பெறுகின்ற இந்தக் கணக்கு எந்தக் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் பொருந்தும்?

விடை நம் அடுப்பங்கரையிலேயே உள்ளது. கொதிக்கும் கேத்தலின் மூக்கிலிருந்து வரும் ஆவி கையில் பட்டால், கொதிநீர் பட்டதைக் காட்டிலும் கடுமையாகச் சுடும். காரணம், ஆவி நீராக மாறும்போது தன்னுள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. மறை வெப்பம் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதுவே இது. மேற்குச் சரிவில் மேகம் மழையாகும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. அங்கு வெளியான வெப்பத்தைக் காற்று தன்னுடனே வைத்துக்கொண்டு, ஊவாப் பக்கம் இறங்கும்போது நம்மீது காட்டுகிறது.

ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலையைத் தாண்டி வரும் இத்தகைய காற்றை ஃபோன் என்பர். வட அமெரிக்காவின் றொக்கி மலைச் சரிவில் அதன் பெயர் சினூக். பனியைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும் என்று அதற்குப் புகழ். நம் கச்சானும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஊவாவைக் கடந்து மட்டக்களப்புச் சமவெளிக்கு இறங்கியும் அது தன் சூட்டை விடுவதில்லை.

வாடும் இலை தரும் மணம்

இந்தக் காற்று தேயிலைச் செடியை என்ன செய்கிறது? பகலில் வெயில், இரவில் குளிர், எந்நேரமும் உலர்ந்த காற்று. செடிக்குத் தண்ணீர் போதவில்லை. மழைக்காலத்தில் மளமளவென்று தளிர்த்த குருத்து இப்போது மெல்ல மெல்லவே வளர்கிறது. இவ்வாறு இடர்ப்படும் இலையினுள் மணப்பொருள்கள் சேர்கின்றன. அவற்றுள் தலையாயது மெதில் சலிசிலேற்று என்பதாகும்.

பெயர் புதிதாக இருக்கலாம், மணம் புதிதன்று. முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் தேய்க்கும் தைலங்கள் பலவற்றில் சுள்ளென்று மூக்கில் ஏறும் ஒரு வாசனை உண்டன்றோ? அதனைத் தரும் பொருள்களில் இதுவும் ஒன்று. ஊவாத் தேநீரை வாயில் வைத்ததும் குளிர்ச்சியாக ஒரு சுறுசுறுப்புத் தோன்றுவது இதனாலேயே. கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகில் மாலையில் தேய்க்கும் தைலத்திலும், அக்கொழுந்திலிருந்து வடித்த தேநீரிலும் ஒரே பொருள் கலந்திருப்பது இயற்கையின் விந்தையேயாகும்.

பச்சைக் கொழுந்தை முகர்ந்து பார்த்தால் இந்த மணம் வராது. இலையினுள் மணப்பொருள் சர்க்கரையோடு பிணைந்து, வாயடைத்துக் கிடக்கிறது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, இயந்திரத்தில் உருட்டும்போது இலையின் நுண்ணறைகள் உடைகின்றன. அப்போது அங்குள்ள நொதியம் பிணைப்பை அறுத்து மணத்தை விடுவிக்கிறது. கச்சான் இங்கும் கைகொடுக்கிறது. உலர்ந்த காற்று வீசும் இரவுகளில் கொழுந்து நன்றாக வாடிவிடும்.

துன்பத்தால் மணம் பெறும் தேயிலை ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. தாய்வான் நாட்டில் ஒருவகைச் சிறுபூச்சி கடித்த கொழுந்தையே தேடிப் பறித்து, அரிய தேயிலை ஒன்றைச் செய்கிறார்கள். ஜப்பானியர் இந்தியாவின் டார்ஜிலிங், சீனத்தின் கீமன், நம் ஊவா ஆகிய மூன்றையும் உலகின் முப்பெரும் தேயிலைகள் எனப் போற்றுவர். அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதென்னைத் தோட்டத்தை 1890 இல் தோமஸ் லிப்டன் வாங்கினார். அதன்பின் அப்பெயர் உலகமெங்கும் தேநீரோடு சேர்ந்தே ஒலித்தது.

மலை முறைவைத்து வழங்குகிறது என்பதும் அறியத்தக்கது. ஐப்பசிக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது ஊவாவில் மழை. அதே காற்று முகட்டைத் தாண்டி மேற்கே உலர்ந்து இறங்குகிறது. ஆகவே ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை மணப்பருவம் என்றால், மேற்குச் சரிவில் உள்ள திம்புலைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மணப்பருவம்.

காற்று கொண்டுவந்த கேடு

இம்மலைகளில் தேயிலைக்கு முன்னர் கோப்பி இருந்தது. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. துருப்பிடித்தாற்போன்ற அந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம். அதன் நுண்வித்துக்களைக் காற்று மலைக்கு மலை சுமந்து சென்றது. இரண்டு தசாப்தங்களுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர் அழிந்தொழிந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு பயிர் வீழ்வதற்குத் துணைநின்ற காற்று அடுத்த பயிருக்குப் புகழ் தேடித் தந்தது!

கூடை நிறையாத காலம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து மடுவத்தின் அருகே நின்றுகொண்டிருந்தேன். தலைத்துண்டைக் காற்று பறித்துவிடாதபடி இறுகக் கட்டியிருந்த முதிய பெண்மணி ஒருவர் கூடையை இறக்கி வைத்தார்.

"பாட்டி, இந்தக் காற்றில்தான் நல்ல தேயிலை கிடைக்கிறதாமே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஆமா தம்பி, ஸ்டோர்ப் பக்கம் போனா கமகமன்னுதான் இருக்கு. ஆனா காத்து அடிச்சாக் கூடை நெறையாதே!"

நூல்கள் பலவும் சொல்லாத பாதி உண்மையை அந்த ஒரு வாக்கியத்தில் அறிந்துகொண்டேன். குருத்து மெல்ல வளர்வதால் மணம் கூடுகிறது. அதனாலேயே கொழுந்து குறைகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். பல தோட்டங்களில் குறித்த அளவு கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 1883 ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கேட்கும் பருவமும், ஊவா மலையில் கூடை இலேசாகும் பருவமும் ஒன்றே.

இன்னுமுள்ளது. அம்மாதங்களில் பீலித் தண்ணீர் நூலாக இளைக்கிறது. குடங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. காய்ந்த மானாப்புல் மலைகளில் ஒரு பொறி விழுந்தால் போதும், கச்சான் அதைத் தீயாக்கி முகடுவரை ஏற்றிவிடும். காற்றோடு மழை கலந்துவிட்டாலோ தேயிலையின் மணமும் கலைந்துவிடுகிறது. அளவான வறட்சி, அளவான காற்று, அளவான காலம் ஆகிய மூன்றும் கூடினால்தான் அந்தத் தனிமணம்.

அது எவர் வீட்டுக் கோப்பைக்குப் போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். மணம் மிகுந்த தேயிலை ஏலத்துக்கும் கப்பலுக்கும் போகிறது. அதைப் பறித்தவர் லயத்தில் அருந்துவது பெரும்பாலும் சாதாரணத் தூளில் வடித்த தேத்தண்ணீரே. செடி தன் வாட்டத்தால் மணம் தருகிறது. பறிப்பவரின் வாட்டத்துக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. நல்ல விலை கிடைக்கும் பருவத்தில் நிறையாத கூடைக்கும் நல்ல கூலி கிடைப்பதே முறையன்றோ?

மாணவர்களுக்கு ஒரு சோதனை

கச்சான் சூடேறும் விதத்தைக் கையாலேயே உணரலாம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து முறை விரைவாக அழுத்துங்கள். குழாயின் அடிப்பகுதி சூடாவதைக் காண்பீர்கள். அடுத்து, காற்று நிறைந்த ரயரின் வால்வைத் திறந்து, வெளிவரும் காற்றில் விரலை வையுங்கள், குளிரும். நெருக்கப்படும் காற்று சூடாகும். விரியும் காற்று குளிரும். மலையிறங்கும் காற்றைக் கீழேயுள்ள அமுக்கம் நெருக்குகிறது; மலையேறும் காற்று மேலே விரிகிறது. உங்கள் கையில் உள்ள பம்பு அப்புத்தளைச் சரிவின் சிறிய மாதிரியே!

சோதனையை முடித்தபின் ஒரு கோப்பை தேநீர் அருந்துங்கள். ஊவாத் தேயிலையாயின், முதல் மிடறில் சுள்ளென்று ஏறும் அந்த மணத்தைச் சற்றே நின்று கவனியுங்கள். மலையைத் தாண்டி வந்த ஒரு காற்றும், வாடிய ஒரு குருத்தும், நிறையாத கூடையுடன் மடுவத்துக்கு வந்த ஒரு பாட்டியும் அதில் இருக்கிறார்கள்.