டோரிஸை மறந்த ரசிகர்கள்

'அடம்ஸ் றிப்' படத்தைப் பற்றிய கதை எழும்போதெல்லாம் நமது இலக்கிய வட்டத்தில் இரண்டு தீர்ப்புகள் தயாராகக் கிடக்கின்றன. ஒன்று, அது ஸ்பென்சர் ட்ரேசியும் கெதரின் ஹெப்பேர்னும் சண்டை பிடித்துக் கொஞ்சும் படம்; சிரித்துவிட்டு எழுந்து போகலாம். மற்றது, பெண்ணியம் பேசத் தொடங்கிக் கடைசியில் கணவனின் காலடியில் விழுந்துவிட்ட ஹொலிவூட் சரக்கு. முன்னதைச் சொல்வோர் அரைத்தூக்கத்தில் பார்த்தவர்கள். பின்னதைச் சொல்வோர் பார்க்காமலே எடை போட்டவர்கள். இரு சாராரோடும் எனக்கு வழக்கிருக்கிறது.

(தலைப்பைக் கேட்டதுமே விலா எலும்பு பற்றிய ஹதீஸைத் தூக்கிக்கொண்டு வருவோரும் உண்டு. படம் சிருஷ்டியைப் பற்றியதல்ல. கதாநாயகனின் பெயர் அடம், அவ்வளவுதான்.)

1949இல் ஜோர்ஜ் கியூகோர் இயக்கிய படம் இது. எழுதியவர்கள் றூத் கோர்டன், கார்சன் கானின் தம்பதியர். டோரிஸ் என்ற மூன்று பிள்ளைகளின் தாய், வேறொருத்தியோடு இருக்கும் கணவனைத் துப்பாக்கியால் சுடுகிறாள். அவன் காயத்தோடு தப்பிவிடுகிறான். அரச தரப்பில் வழக்கை நடத்துபவர் அடம். டோரிஸுக்காக ஆஜராகும் சட்டத்தரணி அவருடைய மனைவி அமண்டா.

நட்சத்திர ஜோடியின் கவர்ச்சிதான் படத்தை வாழவைக்கிறது என்பது சரியென்றால், அவ்விருவரும் சேர்ந்து நடித்த ஒன்பது படங்களும் ஒரே மாதிரி வாழவேண்டும். 1945இல் வந்த 'விதவுட் லவ்' படத்தை இன்று யார் தேடிப் பார்க்கிறார்கள்?

எனக்கு இப்படத்தின் உயிர் சிறைச்சாலைக் காட்சியில்தான் இருக்கிறது. அமண்டா கேட்கிறாள், டோரிஸ் சொல்கிறாள். கமெரா அசைவதே இல்லை. வெட்டில்லாமல் நிமிடக்கணக்கில் ஓடும் அந்தக் காட்சியில் ஹெப்பேர்ன் ஒதுங்கியிருந்து, அன்று திரைக்குப் புதியவரான ஜூடி ஹொலிடேக்கு இடத்தை முழுவதாக விட்டுக்கொடுக்கிறார். கணவனின் அன்பு போய்விட்டதென்று எப்போது உணர்ந்தாய் என்று கேட்டால், அவன் அடிப்பதை நிறுத்தியபோது என்கிறாள் டோரிஸ். சுட்ட பிறகு எப்படி இருந்தது என்றால், பசித்தது என்கிறாள். சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. இதைத்தான் நம்மவர்கள் 'லேசான நகைச்சுவை' என்கிறார்கள்!

அமண்டாவின் வாதம் எளியது. தன் வீட்டைக் காக்கத் துப்பாக்கி எடுத்தான் என்று ஓர் ஆணுக்குக் காட்டும் கருணையை இவளுக்கும் காட்டுங்கள் என்கிறாள். டோரிஸை ஆணாகவும் கணவனைப் பெண்ணாகவும் நினைத்துப் பாருங்கள் என்று ஜூரிமாரிடம் கேட்கிறாள். திரையிலும் அவர்கள் அப்படியே உருமாறித் தெரிகிறார்கள். சினிமாக் குறும்பு என்று இதைத் தள்ளுவோர் டெக்சாஸ் மாநிலத்துச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். மனைவியோடு கையும் களவுமாகப் பிடிபட்டவனைக் கணவன் கொன்றால் குற்றமில்லை என்ற விதி அங்கே 1973இல் நீக்கப்படும்வரை இருந்தது. மனைவிக்கு அப்படி ஒரு விதி இருக்கவில்லை.

இன்னொன்று. படம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1961இல், 'ஹொய்ட் எதிர் புளோரிடா' வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. கணவனைக் கொன்ற ஒரு பெண்ணை ஆண்கள் மட்டுமே கொண்ட ஜூரி குற்றவாளியாகக் கண்டது. தாமாகப் பெயர் பதிந்த பெண்களை மட்டுமே ஜூரிக்கு அழைக்கும் அம்மாநிலச் சட்டம் பிழையில்லை என்றார்கள் நீதியரசர்கள். பெண் குடும்பத்தின் மையமாம். அந்தத் தர்க்கம் கைவிடப்பட 1975 ஆகவேண்டியிருந்தது. கியூகோரின் ஜூரியில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்கலாம்.

இனி, 'கடைசியில் சரணடைந்த படம்' என்போருக்கு. அமண்டாவை அயல்வீட்டுப் பாட்டுக்காரனோடு கண்ட அடம் துப்பாக்கியை நீட்டுகிறார். உனக்கு அந்த உரிமை இல்லை, எவருக்கும் இல்லை என்று அலறுகிறாள் அமண்டா. இதைத்தான் கேட்க விரும்பினேன் என்று துப்பாக்கியைக் கடித்துத் தின்கிறார் அடம். அது அதிமதுர மிட்டாய். மண்டபம் அதிரச் சிரிக்கும். ஆனால் அமண்டா நீதிமன்றத்தில் சுடும் உரிமை கேட்டாளா? மன்னிப்பதில் ஒரே அளவுகோலைத்தான் கேட்டாள். அடமின் மிட்டாய் அந்தக் கேள்வியைத் தொடவேயில்லை. சிரிப்பை அவர் வென்றார், வாதத்தை வெல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பெண்ணிய விமர்சனம் எழுதக் கிளம்புவோரை என்னென்பது!

குறையில்லாத படமென்று நான் சொல்லவில்லை. பெண்களின் ஆற்றலுக்குச் சாட்சியாக வரும் சர்க்கஸ்காரி, அடமை நீதிமன்றத்திலேயே தூக்கிப் பிடிப்பது மலிவான வேலை. இரசாயன நிபுணியும் தொழிலாளர்களை மேற்பார்க்கும் பெண்ணும் சாட்சிக் கூண்டில் ஏற்றிய மதிப்பை அது ஒரு நொடியில் இறக்கிவிடுகிறது. அந்த அயல்வீட்டுக்காரனும் அளவுக்கு மீறி வந்துபோகிறான்.

ஆனாலும் முடிவைப் பாருங்கள். பிரிவின் விளிம்பில் அடம் கண்ணீர் விடுகிறார், அமண்டா இளகுகிறாள். பிறகு அவர் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறார்: நினைத்த நேரத்தில் அழ அவருக்கும் தெரியுமாம். பெண்ணின் தந்திரம் என்று ஆண்கள் காலங்காலமாக ஏசிவந்த அதே கண்ணீர். அவருக்கு நீதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் இடம் கிடைத்திருக்கிறது. ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தெரிந்துவிட்டதா என்று விசாரிக்கிறாள் அமண்டா.