வார இறுதிச் சமையல்: மலைக்கு ஏற்ற மூன்று பண்டங்கள்



சனி, ஞாயிறு என்றால் வீடு நிறைந்திருக்கும். விடுதியிலிருந்து பிள்ளைகள் வருவர். சேலத்திலிருந்து உறவினர் ஏறி வருவர். ஆனால், பல தாய்மாருக்கு அவை ஓய்வு நாட்களாய் இருப்பதில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து அடுப்படிக்குள் நுழைபவர், எல்லாரும் உண்டு எழுந்த பிறகே தாம் உண்ண அமர்கிறார். சனிக்கிழமையே பாதி வேலையை முடித்து, குடும்பத்தார் அனைவரும் கைகொடுக்கத்தக்க மூன்று பண்டங்களை இம்மாதம் காண்போம்.

முதலில் மஞ்சக்குட்டை, ஏற்காடு வாழ் சகோதரிகள் அறிய வேண்டியது ஒன்று. கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டிலோ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமாவது இதனாலேதான். தீயைக் கூட்டுவதால் நீரின் சூடு ஏறாது. விறகும் எரிவாயுவுமே வீணாகும். பருப்பை முன்னதாக ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பதே சிக்கனம். கேக்கிற்கும் இதே கதைதான். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் மாவு விரைவாகப் பொங்கி, பின் நடுவில் அமுங்கிவிடும். ஆதலால் பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறைத்து, பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்க.

1. பேரிக்காய்ப் பாகு (சனி பிற்பகல்)

1820-களில் சேலத்தில் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காபியோடு பேரியையும் இம்மலையில் நடச் செய்தார் என்பர். கடினமான நாட்டுப் பேரிக்காய் பச்சையாய்க் கடிப்பதைவிட வேகவைத்தால் சுவை மிகும். நான்கு காய்களைத் தோல் சீவி நான்காக நறுக்குக. 100 கிராம் சர்க்கரை, இரண்டு கோப்பை நீர், சிறு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு சேர்த்து, இளந்தீயில் அரை மணி வரை மெத்தென வேகவிடுக. ஆறியபின் மறுநாளும் உண்ணலாம்.

2. கேழ்வரகு கேக் (சனி மாலை)

மைதா 1 கோப்பை, வறுத்த கேழ்வரகு மாவு ½ கோப்பை, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டிக்குச் சற்று மேல், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைச் சலித்து வைக்கவும். 100 கிராம் வெண்ணெயையும் ¾ கோப்பை நாட்டுச் சர்க்கரையையும் நன்கு குழைத்து, இரண்டு முட்டைகளை ஒவ்வொன்றாய் அடித்துச் சேர்க்கவும். பின் மாவையும் அரைக் கோப்பைக்குச் சற்று மிகுதியான பாலையும் மாற்றி மாற்றிக் கலக்கவும்.

அடுப்புப் பெட்டி இல்லையே என்று வருந்த வேண்டா. கனத்த பழைய பாத்திரத்தில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குக. மணல்மேல் சிறு தாங்கியை வைத்து, நெய் தடவிய தட்டில் மாவை ஊற்றி வைத்து மூடுக. இளந்தீயில் ஏறத்தாழ 45 நிமிடம் ஆகும். ஈர்க்குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. இடையிடையே திறந்து பார்த்தால் கேக் அமுங்கும்.

3. சாமைப் பொங்கல் (ஞாயிறு காலை)

சாமை 1 கோப்பை, வறுத்த பாசிப்பருப்பு ½ கோப்பை, நீர் 4½ கோப்பை, உப்பு. இவற்றைக் குக்கரில் குழைய வேகவிடுக. நம் தோட்டத்து மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நெய்யில் தாளித்துக் கொட்டுக.

சேர்வராயன் மலைமக்களின் பழைய உணவு சாமையே. இன்று பல வீடுகளில் கடை அரிசி அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. சுவை குறைந்ததாலன்று; உரலில் குற்றி உமி நீக்கும் கடும் உழைப்பு பெண்கள் தோளிலேயே விழுந்ததும் ஒரு காரணமாகும். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் அமைக்க உதவியது இதை உணர்ந்தே. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் அடுப்பிலும் வாரம் ஒருமுறையாவது சாமை ஏறட்டும். விளைவிப்போர்க்கும் அது ஊக்கமாகும்.

இனி, வேலைப் பங்கீடு. காய் சீவுவது பெரிய பிள்ளைகள். மாவு சலிப்பது சிறுவர். மணற்பாத்திரத்தை ஏற்றி இறக்குவதும் பாத்திரம் துலக்குவதும் ஆடவர். உழைப்பு ஒருவர்மேல் மட்டும் விழுந்தால் சாமைக்கு நேர்ந்ததே வீட்டுப் பலகாரங்களுக்கும் நேரும். வரும் ஞாயிறன்று அம்மாவும் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமரட்டும்.